தம்பியின் பால்பற்கள்

நனைந்த பருத்தித் துணியும் கரைகிற வெல்லமும் சேர்ந்து ஒரு வாசனை வரும். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, நடுவில் ஒரு கட்டி வெல்லம் வைத்து, நூல் சுற்றி இறுக்கி, தண்ணீரில் தோய்த்து என் தம்பி வேலுவின் வாயில் வைப்பாள் அம்மா. வரப்போரத்துப் புங்க மரத்தில் கட்டிய தூளிக்குள் அவன் அதைச் சப்பிக்கொண்டு கிடக்க, அவள் சேற்றில் இறங்கி நாற்று நடுவாள். "வெல்ல முடிச்சு" என்போம் அதை. அது வாயில் இருக்கும்வரை பிள்ளை அழாது. பிள்ளை அழாதவரை அம்மாவின் கூலிக்குக் கேடில்லை.

எங்கள் ஊர் கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சுற்றிலும் கரும்புக் கொல்லைகள் என்பதால் இனிப்புக்கு மட்டும் எங்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை. அம்மாவுக்குத் தாய்ப்பால் சீக்கிரமே வற்றிப்போனது. தூளியைவிட்டு இறங்கிய பிறகு வெல்லம் போட்ட கடுங்காப்பியில் தோய்த்த "பொறை" ரொட்டிதான் வேலுவுக்குக் காலைச் சாப்பாடு. அம்மை போட்டு எழுந்ததிலிருந்து அவன் சோற்றைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வான். ஏதாவது உள்ளே போனால் போதும் என்று அம்மா மறுபடியும் வெல்லத்தைத்தான் எடுப்பாள்.

அவனுடைய முன்பற்கள் முதலில் பழுப்பேறின, பிறகு கறுத்தன, பிறகு தேய்ந்து தேய்ந்து குச்சிகளாயின. சிரித்தால் ஈறில் மிளகு பதித்ததுபோல இருக்கும். "பால் பல்லுதான, வுழுந்துட்டு புதுசா மொளைக்கும்" என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அத்தை மட்டும், "பல்லுல பூச்சி வெச்சிருக்கு" என்று கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு அவன் வாய்க்குப் புகை காட்டினாள். பிள்ளை இருமி இருமிக் கண்ணீர் விட்டதுதான் மிச்சம், பல்வலி போகவில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொந்தளித்துக்கொண்டிருந்த வருஷங்கள். ஒரு புரட்டாசியில், சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள், பஸ் நின்றுபோனது. மறியலுக்குப் போயிருந்த அப்பா, போலீஸ் ஊருக்குள் வருகிறது என்ற பேச்சைக் கேட்டு மற்ற ஆம்பிளைகளோடு மலையேறிவிட்டார். எங்கள் தெருவில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருந்தோம்.

அந்த நேரம் பார்த்து, நாலு வயதான வேலுவின் கன்னம் வீங்கியது. காலையில் நெல்லிக்காய் அளவில் இருந்தது, சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கத்துக் கண்ணை மூடிவிட்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுநாள் விடிந்ததும் அம்மா அவனை முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள்.

"ரோடு பூரா மரமா கெடக்குது, எப்பிடிடி போவ? அவரு வரட்டும்" என்று தடுத்தாள் அத்தை.

"அவரு வந்துக்கினு இருக்கறதுக்குள்ள எம்புள்ள இன்னா ஆவறது?" என்ற அம்மா, என் கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டுக் கள்ளக்குறிச்சிச் சாலையில் நடக்கத் தொடங்கினாள்.

குறுக்கே கிடந்த முதல் மரத்தருகில் தலையில் துண்டு கட்டிய ஆட்கள் நின்றிருந்தார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர், "எங்கம்மா போற? யாரும் தாண்டக் கூடாது" என்றார். அம்மா பிள்ளையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

"ஐயோ, இன்னாம்மா இது!"

"பல்லுங்க."

"பல்லாலியா இப்பிடி?" என்று நம்ப முடியாமல் பார்த்தவர், கையிலிருந்த கோலைக் கீழே போட்டுவிட்டு வேலுவை வாங்கிக்கொண்டார். மரத்துக்கு மேலாகப் பிள்ளை கைமாறிக் கைமாறி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான். அவரே சைக்கிளை எடுத்தார். பின்னால் அம்மாவும் தம்பியும், முன் கம்பியில் நான். குறுக்கே மரம் வந்த இடத்திலெல்லாம், அங்கங்கே நின்றவர்கள் சைக்கிளோடு எங்களையும் தூக்கிவிட்டார்கள். சாய்ந்து கிடந்த மரங்களின் புளிப்பு வாசனை வழியெல்லாம் வந்தது.

ஆஸ்பத்திரியில் நரைத்த தலை டாக்டர் ஒருவர் விளக்கடித்து வேலுவின் வாயைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "பிள்ளை என்னம்மா சாப்பிடறான்?"

"காப்பி... பொறை... வெல்லம்..." சொல்லச் சொல்ல அம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

ஊசி போட்டுச் சீழை வடித்து, வீக்கம் தணிந்த பிறகு அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கண்ணுக்கு ஏறியிருக்கும் என்றார் டாக்டர்.

"பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இனிப்பு பல்லுல ஒட்டிக்கிட்டே கிடந்து அரிச்சிருக்கு. அம்மை வந்து ஒடம்புலயும் தெம்பில்ல, அதான் இப்படி சீழ் வச்சிடுச்சு."

"நானே எம்புள்ளைய கெடுத்துட்டனா சார்?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "பசியாத்தத்தானம்மா குடுத்த. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. இந்தப் பல்லுக்குக் கீழ, எலும்புக்குள்ள, பெரிய பல்லு உருவாகிட்டு இருக்கு. கேழ்வரகு, கீரை, முட்டை, கொஞ்சம் பாலு குடு. தின்னதும் வாய் கொப்பளிக்கச் சொல்லு. வர்ற பல்லையாவது காப்பாத்திடலாம்."

திரும்பி வரும்போது மறியல்காரர் ஒருவர், பிள்ளை தேறிவிட்ட சந்தோஷத்தில் ஒரு மிட்டாயை நீட்டினார். வேலு கையை நீட்டினான். "வாணாங்க" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள் அம்மா. இனிப்பை அவள் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நாளில் அப்பா தாடியும் மீசையுமாக மலையிலிருந்து இறங்கினார். துண்டில் சாமை அரிசியும் நெல்லிக்காயும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அங்கே அவருக்குச் சோறு போட்ட மலைக்குடும்பம் கொடுத்து அனுப்பியது. வேலுவின் வாயில் பல் பிடுங்கிய பள்ளத்தைப் பார்த்ததும் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காப்பி இல்லை. களியும் முருங்கைக் கீரையும்தான். வேலு துப்பினான், புரண்டு அழுதான். அம்மா விடவில்லை, இடுப்பில் தூக்கிக்கொண்டு, மலையைக் காட்டி, ஆட்டுக்குட்டியைக் காட்டி ஊட்டினாள். முட்டை கிடைத்தால் அது அவனுக்கு, கீரை எனக்கு. இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், பால்பல் விழுந்த கீழ் ஈறில் அரிசிமுனை போல வெள்ளையாய் ஒன்று எட்டிப் பார்த்தபோது, தெருவையே கூப்பிட்டு அவன் உதட்டை இழுத்து இழுத்துக் காட்டினாள். வெட்கத்தில் அவன் அவள் விரலைக் கடித்தான். "பாத்தியா, கடிக்கிறான்!" என்று அதற்கும் சிரித்தாள்.

அம்மாவின் வாயை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. எங்களுக்குப் போட்டதுபோக மிஞ்சிய நீராகாரமும் ஊறுகாயும் அவளுக்கு. ஒவ்வொரு பல்லாக ஆடி விழுந்தது. விழுந்ததைத் தூர எறிந்துவிட்டு வேலைக்குப் போவாள். ஐம்பது வயதிலேயே பொக்கை வாய்.

இன்று அந்தச் சாலையில் புளியமரமும் இல்லை, கொல்லைகளில் பாதியும் இல்லை. கடைசிக் காலத்தில் கட்டிலில் கிடந்த அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலு வேலை முடிந்து வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, மணிலாக்கொட்டை என்று நாங்கள் சொல்லும் வறுத்த வேர்க்கடலையைக் கையில் கொடுத்து, "கடிடா, நான் கேக்கறேன்" என்பாள். அவன் நறுக்நறுக்கென்று மெல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் போய் ஒரு வருஷமாகிறது. படையல் அன்று இலையில் மணிலாவும் வைத்தோம். கும்பிட்டு எழுந்த வேலு அதிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போய், காலியாகக் கிடந்த கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, எங்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி மென்றான்.