கோஸ்தான் என்றால் யாருக்கு?

போன ஆண்டு ஒரு மாலை, ஈப்போ பக்கம், லகாட்டுக்கு அப்பால், ஈயலம்பம் என்று நாங்கள் சொல்லும் பழைய ஈயச் சுரங்கத்துக் குட்டையில் என் கணவரின் வலது தோளில் தசைநார் கிழிந்தது. பதினான்கு அடி அலுமினியப் படகை டிரெய்லரில் ஏற்றும்போது பக்கவாட்டில் காற்று அடித்தது. படகு விலகி, டிரெய்லரின் சக்கர மூடியில் மோதப் போனது. அவர் தண்ணீரில் குதித்துத் தோளால் முட்டுக்கொடுத்தார். படகில் ஒரு கீறல் இல்லை.

தசைநாரைத் தைத்த டாக்டர், இனி அந்தத் தோளால் எதையும் தள்ளவோ பிடித்து நிறுத்தவோ கூடாது என்றார். நான் அதைச் சுருக்கிச் சொன்னேன்: தோளைப் பயன்படுத்தாமல் ஏற்ற முடிந்தால் படகு இருக்கட்டும், இல்லாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடலாம். அவர் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வாரத்தில் ஒரு நாள் தோமான் மீன் பிடிக்கப் போவதுதான் தனக்கென்று அவர் வைத்திருந்த ஒரே பழக்கம். ஐந்து மாதம் படகு வீட்டின் முன்னால் கித்தான் போர்த்திக் கிடந்தது. காலையில் அதைப் பார்க்காமல் கடந்து போக அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதை நான் பார்த்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, இரும்புக் கேட் செய்யும் வெல்டர் ஒருவரை அழைத்து வந்தார். டிரெய்லரின் பின்முனையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பங்கள். ஒவ்வொன்றின் மேலும், உருளும்படி உறைபோல மாட்டிய வெள்ளை பிளாஸ்டிக் குழாய். படகுக்கும் கம்பத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. காற்று படகைத் தள்ளினால் இனி கம்பம் தாங்கும். சட்டத்தில் துளை போட்டால் துருப்பிடிக்கும் என்பதால், வளைந்த போல்ட்டுகளால் கவ்வி இறுக்குவதாக ஏற்பாடு.

கம்பங்கள் வந்தபோது இரண்டின் உச்சியிலும் ஈட்டி முனை இருந்தது.

"மச்சான், படகை ஏத்தப் போறோமா, குத்தப் போறோமா?" என்றார் என் கணவர்.

"கைப்பழக்கம்லா அண்ணே. அழகா இருக்குமேன்னு வச்சேன்." வெல்டர் அங்கேயே முனைகளை அறுத்து எடுத்தார்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குக் குட்டைக்குப் போனோம். காற்று எழும் நேரம் என்பதால்தான் அந்த நேரம். நான் பிக்கப்பை ஓட்டினேன், அவர் படகில் இருந்தார், வெல்டர் கரையில் நின்றார். முன்பெல்லாம் டிரெய்லர் தண்ணீருக்குள் போனதும் எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது கண்ணாடியில் இரண்டு வெள்ளைக் குழாய்களும் தெளிவாகத் தெரிந்தன.

படகை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றும்போது, அதன் மூக்கு கம்பங்களுக்கு நடுவே வந்த நேரத்தில், டிரெய்லர் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று நினைத்து வெல்டர் கத்தினார்: "கோஸ்தான்! கோஸ்தான்!"

பின்னால் எடு என்று பொருள். கப்பல்காரர்களின் ஆங்கிலத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் எல்லாரும் காருக்குத்தான் சொல்கிறோம். நான் கோஸ்தான் எடுத்தேன். படகில் இருந்தவரும் மோட்டாரைப் பின்னால் எடுத்தார். படகு வெளியே போனது. டிரெய்லர் தேவைக்கு மேல் ஆழத்தில் இறங்கி, குழாய்கள் ஒரு சாண்தான் மேலே தெரிந்தன. காற்று படகைக் குறுக்காகத் திருப்பி இடப்பக்கக் கம்பத்தை நோக்கித் தள்ளியது. அவருடைய வலது கை தடுக்க நீண்டது.

"கைய எடுங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

எடுத்தார். படகு குழாயில் மோதியது. குழாய் உருண்டது. படகு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது, அவ்வளவுதான்.

அதற்குள் கரைக்கும் படகுக்கும் நடுவே சண்டை தொடங்கிவிட்டது.

"நான் அக்காவுக்குத்தானே சொன்னேன், நீங்க ஏண்ணே கோஸ்தான் அடிச்சீங்க?"

"யாருக்குன்னு சொல்லாம கத்துனா? போட்டுக்கும்தான் கோஸ்தான் இருக்கு!"

"பிக்கப்புக்கு மட்டும் கோஸ்தான்," என்றேன். "போட்டுக்குன்னா 'பின்னால'ன்னு சொல்லுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டிருங்க."

வெல்டர் சிவப்பு டேப் எடுத்து வந்தார். சக்கர மூடிகள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும் ஆழத்தில் டிரெய்லரை நிறுத்தச் சொல்லி, குழாயில் தண்ணீர் தொட்ட இடத்தை ஒட்டிச் சுற்றினார். தண்ணீர் டேப்பைத் தொடும்போது நான் நிறுத்த வேண்டும். யாரும் கத்தத் தேவையில்லை.

இரண்டாவது முறை காற்று இன்னும் பலமாக இருந்தது. டேப் தண்ணீரைத் தொட்டது, நிறுத்தினேன். படகு உள்ளே வந்தது. காற்று அதன் பின்பாகத்தைக் கம்பத்தின் மேல் சாய்த்தது, குழாய் உருண்டது, படகு நேராகி டிரெய்லரில் உட்கார்ந்தது. நான் இறங்கி முன்கொக்கியை மாட்டினேன். அவர் கரைக்கு வந்து, இழுவைக் கயிற்றின் கைப்பிடியை இடக்கையால் சுற்றினார். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

"இன்னொரு தடவை இறக்கி ஏத்திப் பாக்கலாமா?" என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

மேற்கில் மழை கறுத்துக்கொண்டிருந்தது. அது வருவதற்குள் மேலும் மூன்று தடவை இறக்கி ஏற்றினோம். கடைசித் தடவை பிக்கப்பை அவர் ஓட்டினார். படகில் நான் இருந்தேன்.