வாட்ச் எண்ணாத நடை

1. துணியில் வந்த சிவப்பு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் நம்பர் ட்ரெட்மில்லின் பெல்டைத் துடைத்தேன். துணி சிவப்பாக வந்தது. யாரோ சிவப்பு ரோஜா சிராப் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்தால் ரத்தம்.

அதில் நடந்துவிட்டு இறங்கியவர் மாரிமுத்து அண்ணன். பக்கத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, காலைக் காட்டுங்க.”

“காலுக்கு என்னாப்பா? வலியே இல்லலா.”

இடது காலுறையின் அடிப்பாகம் ஊறிப்போயிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, யாருடைய காலோ என்பது போல என்னைப் பார்த்தார்.

2. நாலாயிரம்

இதைப் படிக்கும் பிள்ளைகளே, இந்த ஜிம் கோலா சிலாங்கூரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. நான் தோட்டத்தில் உரம் போட்டவன்; மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பு நின்றுவிட்டது. இங்கே துடைப்பது, பெல்டுக்கு எண்ணெய் விடுவது, புதியவர்களுக்கு மெஷினை ஓட்டிக் காட்டுவது எல்லாம் என் வேலை.

மாரிமுத்து அண்ணன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, ஏறியதால் கம்பெனி அவரை நிறுத்திவைத்தது. மூன்று மாதத்தில் டாக்டர் கடிதம் கொடுத்தால் திரும்ப லோரி. இல்லாவிட்டால் வேறு டிரைவர். டாக்டர் தினம் நாலாயிரம் ஸ்டெப் நடக்கச் சொன்னார். பாதம் மரத்துப்போயிருந்ததால், கல் நிறைந்த தோட்டத்து ரோடு வேண்டாம், சமமான இடத்தில் நடங்கள் என்றும் சொல்லியிருந்தார். மகள் ஒரு வாட்ச் வாங்கிக் கையில் கட்டிவிட்டாள்.

முதல் நாள் சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

“உள்ள சப்பாத்து போடணும்ணே. அதான் ரூல்.”

“ஊட்டுக்குள்ள சப்பாத்தோட வர்ற மாதிரி இருக்குப்பா. நீதான தொடைக்கணும்?”

எனக்கு அது பிடித்திருந்தது. மண்ணைக் கூட்டும் வேலை மிச்சம். விட்டுவிட்டேன். பாதம் தடுமாறும் என்பதால் இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலுறையோடு நாற்பது நிமிடம் நடந்தார். இறங்கி வாட்சைப் பார்த்தார். தொள்ளாயிரம்கூட இல்லை.

“என்னாப்பா இது? சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சு, இது ஆயிரத்தகூட தாண்டல. மெஷின்ல ரெண்டு கிலோமீட்டர் கிட்ட காட்டுதே?”

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மெஷின் பழசுண்ணே. வாட்ச் புதுசு. வாட்ச் சொல்றதுதான் சரி.”

மறுநாளிலிருந்து காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். நாலாயிரம் வந்த பிறகுதான் இறங்குவார். “லோரி ஸ்டேரிங்க புடிச்ச கை, இத விடுமா?” என்று கைப்பிடியைத் தட்டிச் சிரிப்பார். நானும் “சபாஷ்ணே” என்று சொல்லி அனுப்புவேன். பதினோராம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

3. நான் எண்ணிப் பார்த்தது

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் மகனுடைய வாட்சை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு ட்ரெட்மில்லில் ஏறினேன். கையை வீசி, வாய்விட்டு நூறு எண்ணி நடந்தேன். வாட்ச் தொண்ணூற்றேழு காட்டியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நூறு நடந்தேன். இருபத்தொன்று. சைக்கிள் மெஷினில் நூறு சுற்று மிதித்தேன். மூன்று. கீழே உட்கார்ந்து ஒரு கூடைத் துண்டு மடித்தேன். முப்பத்துநாலு ஸ்டெப் நடந்ததாகச் சொன்னது.

அந்த வாட்சுக்குக் கால் தெரியாது. கை ஆடுவதை வைத்துத்தான் எண்ணுகிறது.

ஜிம் முதலாளியிடம் சொன்னேன். இளவயதுக்காரர். போனிலிருந்து தலையைத் தூக்காமல், “ஆமா அங்கிள், ஹேண்டில புடிச்சா எண்ணாது. எல்லாருக்கும் தெரியும்லா” என்றார்.

எல்லாருக்கும் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

4. கட்டிலோரம்

கொப்புளம் உடைந்து, புண் எலும்புவரை போய்விட்டது. இடது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். நான் போனபோது போர்வையை விலக்கிக் காட்டினார்.

“கிளச்சு மிதிக்கிற காலு. இனி லோரி எங்க?”

சொல்லாமல் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. சொல்லிவிட்டேன். “அண்ணே, வாட்ச் தப்பா எண்ணிருச்சு. கைப்பிடிய புடிச்சதால முக்கால்வாசிய விட்டுருச்சு. நான் வெவரம் தெரியாம அதான் சரின்னுட்டேன்.”

அவர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

“அப்ப மொத நாள் நடந்தேனே, நாப்பது நிமிசம். அதுலயே நாலாயிரம் வந்துருச்சா?”

“வந்துருச்சுண்ணே.”

“மொத நாளே பாஸ் ஆயிட்டேனா?”

தலையை ஆட்டினேன். அவர் திட்டவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, “மழ வரப்போவுது, கெளம்பு” என்றார்.

பிள்ளைகளே, கைப்பிடியைப் பிடித்து நடக்கிறவர்கள் வாட்சைப் பார்க்கவேண்டாம், எத்தனை நிமிடம் நடந்தோம் என்று பாருங்கள். கால் மரத்தவர்கள் சப்பாத்து இல்லாமல் ஏறக்கூடாது. இறங்கியதும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். இதையெல்லாம் இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள். ஆனால் நான் கற்றது இதைவிடச் சின்னது. ஒருவர் நம்பிக் கேட்கும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும். “எனக்குத் தெரியாதுண்ணே, டாக்டரைக் கேளுங்க.” இவ்வளவுதான். அன்றைக்கு அது என் வாயில் வரவில்லை.