விதநெல்லு ரூம்ல அம்மா

எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல என் வேலை இதான். மனுஷ தைராய்டு செல்லுக்கு ரேடியேஷன் குடுக்கணும், தட்டுல வளர விடணும், ரெண்டு வாரம் கழிச்சு ஊதா சாயம் ஊத்தி எவ்ளோ பொழைச்சிருக்குன்னு எண்ணணும். அடி வாங்குன செல் உடனே சாகாது. பாக்க கும்முன்னு இருக்கும், ஆனா பெருகாது. டோஸ் ஏத்துன தட்டு கடைசில காலியா கெடக்கும்.

அந்தக் கெத்துல திரிஞ்சப்பதான் அம்மாவுக்கு தைராய்டு கேன்சர். ஆபரேஷன் முடிஞ்சு, மிச்சம் மீதி செல்லை சாகடிக்க ரேடியோ அயோடின் மாத்திரை குடுத்தாங்க. அதைப் போட்டா கொஞ்ச நாளைக்கு உடம்புலேர்ந்தே ரேடியேஷன் வரும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு நர்ஸ் ஒரு பேப்பரை நீட்டி, "யார்கிட்ட எத்தனை நாள் தள்ளி இருக்கணும்னா..."ன்னு ஆரம்பிச்சாங்க.

"சிஸ்டர், நான் ப்ராஜெக்டே இதுலதான் பண்றேன்"னு வெட்டி விட்டேன். பேப்பரை படிக்கக்கூட இல்ல, ரெக்கார்ட் நோட்டுல சொருகிட்டேன்.

அக்கா அப்ப ஏழு மாசம். வளைகாப்பு எங்க வீட்லதான், திருவாரூர் பக்கம். அதுக்குள்ள அம்மா மாத்திரை போட்டு இருபத்தாறு நாள் ஆயிருக்கும். நானா ஒரு சட்டம் போட்டேன்: நாப்பது நாள். கொல்லைப்பக்கம் விதநெல்லு வைக்கிற ரூம்ல தனி பாய், தனி தட்டு, தனி டம்ளர்.

அம்மா சிரிச்சுச்சு. "மாசம் மூணு நாள் உன்னை ஒதுக்கி உக்கார வச்சதுக்கு அந்தக் குதி குதிச்சியேடி. இப்ப யாருக்குடி தீட்டு?"

"இது சயின்ஸும்மா. அதுவும் இதுவும் ஒண்ணா?"

"சரி, படிச்சவ சொல்ற. வளைகாப்பு அன்னிக்காவது வரவா? ஒரே ஒரு வளையல் போட்டுட்டு வந்துர்றேன்."

"வயித்துல இருக்கறதுக்கும் தைராய்டு இருக்கும்மா. ஏதாவது ஆச்சுன்னா நீ பதில் சொல்வியா?"

அதுக்கப்புறம் அம்மா கேக்கல.

கும்பகோணத்துல வாங்குன வளையலை பெரியம்மா போட்டாங்க. அம்மா கெளற வேண்டிய புளிசாதம் கேட்டரிங்ல வந்துச்சு, ஒரே உப்பு. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கிட்டு ஜன்னல் கம்பிய புடிச்சு நின்னுச்சு. அக்கா முற்றத்துலேர்ந்தே ரெண்டு கையையும் தூக்கி ஆட்டிக் காட்டுனா. நான் பெரிய இவ மாதிரி நடுவுல நின்னு போட்டோ எடுத்துட்டிருந்தேன்.

மறுநாள் ரெக்கார்ட் எழுத எடுத்தப்ப அந்தப் பேப்பர் விழுந்துச்சு. கர்ப்பமா இருக்கறவங்க பக்கத்துல என்னிக்குலேர்ந்து போகலாம்னு தேதி போட்டு, பேனாவால வட்டம் வேற. வளைகாப்புக்கு நாலு நாள் முந்தின தேதி.

"என்னடி அது?"ன்னு ஜன்னல் வழியா அம்மா கேட்டுச்சு.

"லேப் பேப்பர்"னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "கணக்கு போட்டு பாத்தேம்மா, இனிமே நீ வெளில வரலாம்"னேன். அதுக்கும் "என் தங்கம்"னுச்சு.

இப்ப அக்கா மகளுக்கு எட்டு மாசம். எந்நேரமும் அம்மா மடிதான். வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க சின்னவதாங்க இவளைக் காப்பாத்துனா, என்னை எட்டக்கூட விடல"ன்னு அம்மா ஆரம்பிக்கும். நான் எழுந்து தண்ணி குடிக்கப் போயிருவேன்.