பறக்காமல் இருக்க ஓர் இறக்கை

ரேஸ் காருக்கு இறக்கை செய்வது என் வேலை. பறப்பதற்கு அல்ல, வண்டி தரையோடு ஒட்டி ஓடுவதற்கு. காற்று மேலிருந்து அமுக்கினால்தான் வளைவில் டயர் ரோட்டைப் பிடிக்கும். இதை என் புகுந்த வீட்டுச் சொந்தங்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத சரக்கை வைத்துப் பிழைக்கிறவர்களே, இன்சூரன்ஸ் விற்கிறவர்களே, நீங்களாவது என் பக்கம் நில்லுங்கள்.

அண்ணாச்சி வைத்த கெடு

எங்கள் டீமுக்கு முதலாளி தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். இந்த சீசனில் முதல் ரவுண்டில் ஆறாவதாக வந்தோம். அடுத்த இரண்டிலும் கடைசிக்கு முந்தி. வேகமான வளைவில் வண்டியின் பின்பக்கம், அதாவது என் இறக்கை இருக்கும் பக்கம், வழுக்கியது, டிரைவர் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். மூன்றாவது ரவுண்டுக்கு மறுநாள் அண்ணாச்சி கிண்டி ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்து, இறக்கை மேல் காற்று ஓடும் படத்தை நீலமும் பச்சையும் சிவப்புமாகக் காட்டினேன். பொறுமையாகத்தான் பார்த்தார். பிறகு எழுந்து, இறக்கையைப் பட்டுப்புடவை பார்ப்பதுபோல் இரண்டு விரலால் தடவினார். "படத்துல கலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி, கட்டிப் பாத்தா நிக்கணும்லா? அடுத்த ரவுண்டுல ஆறு பேருக்குள்ள வரலைன்னா டீமை மூடிருவோம்."

தாஸண்ணா தேய்த்த பிசிறு

மூடினால் ஏழு பேர் தெருவில் நிற்போம். அந்த ஏழு பேரில் ஒருவர் தாஸண்ணா, எங்கள் ஃபைபர் மேஸ்திரி. முன்பு மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் போட்டவர். அவர் கை பட்டால் எதுவும் கண்ணாடி மாதிரி மின்னும். நான் ராப்பகலாக யோசித்து, இறக்கையின் பின் ஓரத்தில் அரை விரல் உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு விளிம்பு வரைந்து கொடுத்திருந்தேன். அது நின்றால் அமுக்கம் கூடும். டெஸ்டுக்கு முதல் நாள் வந்து பார்த்தால், விளிம்பைக் காணோம்! இறக்கை வழவழவென்று இருக்கிறது.

"அண்ணா, விளிம்பு எங்கே?" என்று கத்தியே விட்டேன். அச்சிலிருந்து எடுக்கும்போது நிற்கும் பிசிறு என்று நினைத்து, மனுஷன் முழுசாகத் தேய்த்து எடுத்திருக்கிறார். "பின்னே இன்னா மா, படகுல அப்டி வுட்டா வலை மாட்டிக்கும்" என்று எனக்கே பாடம் எடுத்தார். மல்லுக்கட்டிப் புரியவைத்த பிறகு, அலுமினியப் பட்டை ஒன்றை வெட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒட்டினார். "அசிங்கமா கீதேன்னு எவனாவது கேட்டா, மேடம்தான் ஒட்டச் சொன்னாங்கன்னு சொல்லிடுவேன், ஆமா!"

ஒரு பந்து கம்பளி நூல்

விளிம்பு நின்றது. வண்டி வழுக்குவது மட்டும் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் எல்லாம் சரி என்கிறது, டிராக் இல்லை என்கிறது. கடைசியில் பழைய வைத்தியத்துக்கே போனேன். இறக்கைக்கு அடியில் கம்பளி நூலைத் துண்டு துண்டாக ஒட்டி, ஓடும்போது வீடியோ எடுக்க வேண்டும். காற்று ஒழுங்காக ஓடும் இடத்தில் நூல் படிந்து கிடக்கும், கெட்ட இடத்தில் துள்ளும். நூல் வாங்க மந்தைவெளியில் ஒரு கடைக்குப் போனேன். சித்திரை வெயில். "குழந்தைக்கா மேடம்?" என்றார் கடைக்காரர். "காருக்கு" என்றேன். அவர் விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தார். "நமக்கே இங்க வேகுது, காருக்கு ஸ்வெட்டரா?"

நடுவில் மட்டும் ஆட்டம்

வீடியோவில் இரண்டு ஓரத்து நூலும் சமர்த்தாகப் படிந்திருந்தது. நடுவில் இருந்தது மட்டும் சாமி வந்த மாதிரி ஆடியது. அப்படியென்றால் முன்னால், நடுவில், ஏதோ காற்றைக் கலைக்கிறது. எங்களுடையது கூரையில்லாத ஒற்றை சீட் வண்டி, முன்னால் நடுவில் இருப்பது டிரைவர் ஸ்ரீராமின் தலைதான். படத்தை நிறுத்திப் பார்த்தேன். நான் கம்ப்யூட்டரில் வைத்திருந்த இடத்தைவிட ஹெல்மெட் இரண்டு விரற்கடை மேலே இருக்கிறது!

ஸ்ரீராம் மயிலாப்பூர்ப் பையன். கூப்பிட்டுக் கேட்டால், முதல் ரவுண்டிலேயே முதுகு பிடித்துக்கொண்டதாம், அதிலிருந்து சீட்டில் எதையோ மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அப்படியே அடையாறு ஆற்றில் தள்ளியிருப்பேன். அடுத்த நிமிஷம் வெட்கமாகிவிட்டது. ஒரு மாசமாகப் படத்தில் இருந்த தலையைப் பார்த்தேனே தவிர, வண்டியில் இருந்தவனை ஒரு வார்த்தை கேட்டேனா? அவன் பாவமாகச் சொன்னான்: "ஆத்துல இருந்த யோகா மேட்டை நாலா மடிச்சுப் போட்டுண்டேன், முதுகுக்கும் காத்துக்கும் சம்பந்தம் இருக்கும்னு நேக்கு எப்படித் தெரியும்?"

அந்த வளைவு

மேட்டைப் பிடுங்கினால் அவனுக்கு முதுகு போகும். அதனால் அவனை அதே உயரத்தில் உட்காரவிட்டு, ஹெல்மெட்டுக்குப் பின்னால் காற்றை வழுக்கி அனுப்ப ஒரு ஃபைபர் கூம்பு வைத்தோம். தகுதிச் சுற்று நேரத்தில் தாஸண்ணாவின் பசை காயவில்லை. கூம்பு இல்லாமல் ஓடி, கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. ரேஸுக்குக் கூம்போடு கிளம்பினான். நானும் அண்ணாச்சியும் அந்த வேகமான வளைவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வழக்கமாக அங்கே இன்ஜின் சத்தம் ஒரு தரம் அமுங்கும். வந்தான். அமுங்கவில்லை. அடுத்த சுற்றிலும் அமுங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்?

ஒவ்வொரு வண்டியாகத் தாண்டி வந்தவன், ஆறாவது வண்டிக்கு ஒரு வண்டி நீளம் பின்னால், ஏழாவதாக முடித்தான். ஏழு! "அண்ணாச்சி, ஆறுக்குள்ள வரல" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "போன ரெண்டு ரவுண்டா இதே எடத்துல நின்னு அந்தப் பய காலை எடுக்கதைக் கேட்டுட்டு இருக்கேன் தாயி, இன்னைக்கு ஒருதடவை எடுக்கலையே! அந்த ஆறாவது வண்டியப் பிடிக்க என்னென்ன வேணும்னு எழுதிக் கொண்டாங்க."

ஆக நண்பர்களே, எங்கள் தொழிலில் தோற்றால் டிசைனைத் திட்டுவார்கள், ஜெயித்தால் டிரைவருக்கு மாலை போடுவார்கள், ஏழாவதாக வந்தால்தான் டிசைனருக்கு வேலை நிலைக்கும்.