ஒருசந்தி நாட்களில் இரண்டு மாத்திரை

எழுதிப் பழகாத கை இது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. வரி கோணும், நடந்தது முன்பின்னாக மாறும், சிலது மறந்தே போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பேசுவதில் நான் இன்னும் மோசம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். அந்தக் கூச்சம்தான் போன தவக்காலத்தில் என்னைக் கொண்டுபோகப் பார்த்தது.

எனக்குத் தைராய்டு குறைவு. உடம்பு கனத்து, முகம் ஊதி, எந்நேரமும் தூக்கமாக வந்ததால் புதுக்கோட்டையில் காட்டினோம். டாக்டரம்மா ஒரு சின்ன மாத்திரை கொடுத்து, “காலையில வெறும் வயித்துல ஒண்ணு போடுங்க. அரை மணி கழிச்சுத்தான் காபி” என்றார். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அந்த வருடம் நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பதென்று மனதுக்குள் நேர்ந்துகொண்டேன். பகலெல்லாம் தண்ணீர் மட்டும். சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை முடிந்து வந்தபிறகு ஒருவேளைச் சோறு. முதல் நாளே ஒரு சந்தேகம் வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற மாத்திரைதானே இது? காலையில் போட்டால் பின்னால் சாப்பாடே இல்லையே, அது வேலை செய்யுமா? சாயங்காலமும் வயிறு வெறும் வயிறுதான். அப்போது ஒன்று போட்டேன். காலை மாத்திரையை நிறுத்தவும் பயம். ஆக, இரண்டு. யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் உடம்பு இலேசாயிற்று. கோவிலுக்குப் போகும் செம்மண் பாதையில் கால் தரையில் படுகிறதா என்றே தெரியாது. இரண்டு பக்கமும் தைலமரங்கள் வெயிலில் அசையாமல் நிற்கும். நான் மட்டும் நகர்ந்துகொண்டிருப்பேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், யாரையோ திரும்பிப் பார்த்தது போல, பிறகு மறுபடி ஓடும். கை நடுங்கும். வேர்க்கும். எனக்குப் பயமே வரவில்லை. தவம் உடம்பில் இறங்குகிறது என்று நினைத்தேன். மாலை வெயில் கோவில் கண்ணாடி வழியாக நீலமும் மஞ்சளுமாகத் தரையில் விழும்போது, அந்த நிறத்துக்குள் நானும் கரைந்துபோவது போல இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி வழிமறித்துக் கேட்டாள்: “என்ன ஆத்தா, ரவிக்கை தொளதொளன்னு கெடக்கு? மோட்சத்துக்கு நடந்தே போயிருவீக போல!”

சிரித்துவிட்டு நகர்ந்தேன். உள்ளுக்குள் பெருமைதான்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதையில் முழங்கால் போட்டவள் எழுந்திருக்கவில்லை. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். மருமகள் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சில் ஒட்டி எடுத்த படத்தாளை டாக்டரம்மா அவளிடம் காட்டினார். மேடும் பள்ளமுமான கோடு. ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒன்றுபோல் இல்லை.

“இருதயம் தாளம் தப்பித் துடிக்குது. இப்படியே விட்டா உள்ள ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போயிரும். கை கால் விழுந்துரும்” என்றார். ரத்தச் சோதனையில் தைராய்டு அளவு கூடியிருந்ததாம். “தைராய்டு கூடுனா இருதயத்தை இப்படி விரட்டும். ஆனா நான் கொடுத்த அளவுக்கு இவ்வளவு கூடாதே! மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாம்மா?”

“போடுறேன்” என்றேன். பொய்யில்லை.

“அப்ப கழுத்துலதான் வேற ஏதோ கோளாறு. திருச்சிக்கு எழுதித் தாரேன்” என்று பேனாவை எடுத்தார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு விஷயம் அப்போதுதான் மங்கலாகப் புரிந்தது. சொன்னால் நாற்பது நாள் தவமும் கேலிக்கூத்தாகுமே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. பேனா ஓடியது. மருமகளின் சேலையை இழுத்து, அவள் காதில் மட்டும் சொன்னேன்.

“என்னது, ரெண்டா? அத்தே! ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டா வாயில இருக்கிற முத்தா கொட்டிரும்?” அழுகையும் கோபமுமாகக் கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. நான் போர்வைக்குள் முகத்தை இழுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். “அம்மா, அந்த மாத்திரை சோத்தைத் தேடி வேலை செய்யாது. பின்னால சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் ஒரு நாளைக்கு ஒண்ணுதான். நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க.” திருச்சிக்கு எழுதிய தாளை மடித்து ஓரமாக வைத்தார்.

அந்த மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். துடிப்பை அடக்க ஒன்றும், ரத்தம் உறையாமலிருக்க ஒன்றும் கொடுத்தார்கள். உயிர்ப்புத் திருநாளை ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். பல வாரம் கழித்து எடுத்த படத்தில் மேடுகள் வயலில் வரிசையாக நட்ட நாற்றுப்போல் சம இடைவெளியில் நின்றன. கால் மறுபடி தரையில் கனமாகப் பட்டது. உண்மையைச் சொன்னால், அந்த மிதப்பு போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

ஒருசந்தி இருக்கிற வேறு யாரும் என்னைப்போல் செய்துவிடக் கூடாது என்றுதான் கூச்சத்தை விட்டு எழுதினேன். மாத்திரையை எட்டு நாள் நிறுத்தியதாக எனக்கு ஞாபகம். பதினைந்து நாள் என்கிறாள் மருமகள். டாக்டரம்மா சொன்னதிலும் நான் விட்டது இருக்கும். மருந்து தெரிந்தவர் யாராவது இதை ஒருமுறை படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் அடித்துத் திருத்திவிடுங்கள்.