பால் பொங்கிய பிறகு பேசிய விலை

பால் காய்ச்சிய அன்று அந்த வீட்டில் நின்றவர்கள் மூன்று பேர். அம்மா, நான், வீட்டை விற்க வந்த கிண்ணியா நானா; முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா வரவில்லை. இலங்கைத்துறைப் பக்கம் வெள்ளம் ரோட்டுக்கு மேலால் போகிறது, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வர ஏலாது என்று விடியவே போன் எடுத்துச் சொல்லிவிட்டாள். அப்பாவும் இல்லை. வீடு வாங்குவது அப்பாவின் காசில்; விலையை முடிவாகச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அவர் அந்த நேரம் துறைமுகத்தில் ஒரு கோதுமைக் கப்பலோடு நின்றார்.

கப்பல் ஜெட்டிக்கு அணைகிறபோது மேலேயிருந்து எறிகிற கயிற்றைப் பிடித்து, அதோடு வருகிற பெரிய வடத்தை இழுத்து, கரையில் உள்ள இரும்புக் குற்றியில் மாட்டுவது அப்பாவின் வேலை. வாலிபத்தில் போனவர், அறுபது வயதில்தான் அதை விடப் போகிறார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. அம்மாவுக்கு அதுவும் இல்லை. அவர்கள் கையெழுத்து வைக்கிற இடத்தில் எல்லாம் பக்கத்தில் நின்று வாசித்துச் சொல்லுவது நான். என்னைப் படிப்பித்ததே அதற்குத்தான் என்று அப்பா பகிடி விடுவார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஒரு ஒபிசில் கதிரை போட்டு இருந்தவன் நான்தான். அதனால் வீடு பார்க்கிற பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது.

அப்பா ஓய்வு பெறுவதால், துறைமுகத்தில் தந்திருந்த குவாட்டர்ஸை டிசம்பர் முடிவதற்குள் விட வேண்டும். எங்களுக்கென்று ஒரு வீடு இருந்தது, இலங்கைத்துறையில். அதை அக்காவின் கலியாணத்துக்குச் சீதனமாக எழுதியாயிற்று. எங்கள் பக்கத்தில் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. “இங்க வந்து எங்களோட இருங்கம்மா” என்று அக்கா எத்தனையோ தரம் கேட்டாள். மனதாரத்தான் கேட்டாள்.

“குடுத்த வீட்டுக்கு நான் விருந்தாளியாத்தான் வருவன்” என்றார் அம்மா. “ரெண்டு நாள் இருப்பன். மூண்டாம் நாள் உன்ட மாமியும் நானும் ஒரே குசினிக்குள்ள நிண்டா, நீ எங்களுக்கு நடுவில நிண்டு அழுவாய்.”

ஓய்வோடு அப்பாவின் கைக்கு வருகிற மொத்தக் காசு ஐம்பத்தெட்டு இலட்சம். கேட்கப் பெரிய தொகை. ஆனால் மாதம் மாதம் வருகிற ஓய்வூதியம் அவருக்கு இல்லை. வீடும் அந்தக் காசுக்குள்தான், கடைசிவரைக்கும் சோறும் அதற்குள்தான். வீட்டுக்கு எல்லாச் செலவோடும் நாற்பத்தாறுக்கு மேல் போகக் கூடாது என்று அப்பாவும் நானும் இருந்து கணக்குப் பார்த்தோம். போனால், மிச்சக் காசை வங்கியில் போட்டு வருகிற வட்டி வாய்க்கும் வயிற்றுக்கும் காணாது. அப்பா திரும்பவும் கயிறு பிடிக்கப் போக வேண்டும். ஜெட்டி வேலைக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிற ஒரு கொந்தராத்துக்காரர் நாள் சம்பளத்துக்கு வரச்சொல்லிக் கேட்டபடியே இருந்தார். அப்பாவின் வலது முழங்கால், குவாட்டர்ஸ் வாசற்படியில் ஏறும்போதே ஒருதரம் நின்று யோசிக்கும். அந்தக் காலோடு ஈர ஜெட்டியில் இன்னும் ஐந்து வருடம் என்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

நான் லோன் எடுக்கிறேன் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

“உனக்கு நாளைக்கு ஒருத்தி வருவாள். அவள் வந்து வீட்டைப் பாக்கேக்க சுவரைப் பாக்க மாட்டாள், லோனைத்தான் பாப்பாள்.”

ஆறு மாதம் சனி ஞாயிறுகளில் சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைந்தேன். இலங்கைத்துறையில் கடலோரம் மலிவாகக் காணி இருந்தது. ஆனால் அம்மா சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிறவர்; மாரி மழையில் வெள்ளம் ரோட்டை மறித்தால் மருந்தில்லை. கிண்ணியாவில் அப்பாவோடு வேலை செய்தவர்கள் வளவு பார்த்துத் தருகிறோம் என்றார்கள். பாலம் வந்த பிறகு அது தூரமும் இல்லை. அங்கே இரண்டு வளவு பிடித்தும் இருந்தது. இரண்டும் அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி, சொந்தம் என்று எழுதிய உறுதி இல்லை. பிள்ளைகளுக்கு எழுத ஏலாத காணியில் அப்பாவுக்கு மனம் ஒட்டவில்லை. கடைசியில் அன்புவழிபுரத்தில், ஒரு ஒழுங்கையின் முடிவில், இரண்டு அறையும் விறாந்தையும் ஒரு கிணறுமாக இந்த வீடு அமைந்தது. உறுதிக் காணி. அம்மா தனியே நடந்து போய் பஸ் ஏறலாம். முதல்தரம் பார்க்க வந்த அன்று அம்மா கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துவிட்டு இன்னொரு வாளியும் அள்ளினார். பிடித்துவிட்டது என்று எங்களுக்கு விளங்கியது.

நானா நாற்பத்தெட்டு கேட்டார். அப்பா நாற்பத்திரண்டு என்றார். அதோடு இரண்டு கிழமை போனது. இதற்குள் மார்கழி பிறக்கப் போகிறது. மார்கழியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். தை வரைக்கும் குவாட்டர்ஸில் இருக்கவும் விடமாட்டார்கள். கார்த்திகையில் கிடைத்த கடைசி நல்ல நாளை அம்மா கேட்டு வந்தார். அன்று காலை எட்டுக்கு அப்பா வருவது, நானாவோடு இருந்து விலையை முடிப்பது, அதன் பிறகு சுபநேரத்தில் பால் வைப்பது. இதுதான் ஏற்பாடு. கப்பல் பிந்தி வந்ததால் அப்பாவை ஜெட்டியிலிருந்து விடவில்லை. அவருடைய போன் அடித்தபடியே இருந்தது, அவர் எடுக்கவில்லை.

சரியான மழை. நானா விறாந்தையில் கதிரையில் இருந்தார். அம்மா உள்ளே மூன்று கல் வைத்து, புதுப் பானை வைத்து, பாலையும் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நேரம் போகுது மகன்.”

“அம்மா, விலை இன்னும் முடியேல்ல. பால் பொங்கினா இது எங்கட வீடு. பிறகு அவர் சொன்னதுதான் விலை. அப்பா வரட்டும்.”

“வாறதுக்கிடையில நேரம் முடிஞ்சா?”

“தையில பாப்பம்.”

“தை மட்டும் எங்க இருக்கிற? உன்ட ஒபிஸ் மேசைக்குக் கீழயா?”

நெருப்பை மூட்டிவிட்டார். விறகு ஈரம், புகைந்தது, பிறகு பற்றியது. நான் ஊதினேன். தடுக்க வேண்டியவன் குனிந்திருந்து ஊதிக்கொடுத்தேன். அம்மா பானைக்கு முன்னால் அப்படிக் கைகட்டி நின்றதை நான் முன்னம் கண்டதில்லை. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அம்மா கண்ணைத் துடைத்தார், புகை என்றார். ஒரு டம்ளரில் சீனி போட்டு நானாவுக்கு நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

அப்பா ஓட்டோவில் வந்து இறங்கியபோது தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. கையில் வடத்துக் கிறீஸ். வாசலில் நின்றபடியே உள்ளே பானையைப் பார்த்தார்.

“பொங்கிட்டுதா?”

“கிழக்கால” என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். பிறகு விறாந்தைத் தூணில் சாய்ந்து, முழங்காலைப் பிடித்தபடி மெதுவாகக் கீழே இருந்தார். எனக்குத் தெரியும், அந்த நிமிடத்தில் அவர் கொந்தராத்துக்காரரை நினைத்தார். நானும் அவரைத்தான் நினைத்தேன்.

“அப்ப சரி நானா” என்றார் அப்பா. “நாப்பத்தெட்டுத்தானே. எழுதுவம்.”

நானா டம்ளரைக் கீழே வைத்தார். “அது ஏலாது அண்ணன்.”

அப்பாவின் முகம் மாறியது. “ஏலாதெண்டா? இன்னும் கூடவா?”

“கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நீங்க கதைக்காம ஒத்துக்கொள்றீங்க. பால் பொங்கிட்டு, இனி வாயத் திறக்க ஏலாதெண்டு ஒத்துக்கொள்றீங்க. அதுல எனக்குப் பொருத்தம் இல்ல.”

பொருத்தம் என்று அவர் சொன்னது, இரண்டு பக்கமும் மனம் நிறைந்து கொடுத்து வாங்குவதை. அது இல்லாமல் வாங்கிய காசு தங்காது என்றார். அந்த வீட்டை அவர் விற்பது மகளுக்குக் கிண்ணியாவில் வீடு கட்டிக் கொடுக்க. “ஒரு ஆளை மூலையில நிப்பாட்டி வெச்சு எடுத்த காசுல மகளுக்குச் சுவர் எழுப்பினா, அவள் அதுக்குள்ள எப்பிடி நிம்மதியா இரிக்கிற?” என்றார். பிறகு கதிரையை அப்பாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். “பால் இன்னும் பொங்கல்ல எண்டு வெச்சுக்கொள்ளுங்க. நான் நாப்பத்தெட்டு. இப்ப நீங்க வீட்டைக் குறை சொல்லுங்க. குறை சொல்லாம விலை இறங்காது.”

அப்பாவுக்கு வாய் வரவில்லை. நானா என்னைப் பார்த்தார். “தம்பி படிச்ச ஆள்தானே, நீங்க தொடங்குங்க.”

நான் தயங்கித் தயங்கி, “பின்அறையில ஓடு ஒழுகுது” என்றேன்.

“எங்க ஒழுகுது?” உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அது சாரல்.”

போய்ப் பார்த்தால், ஒழுக்குக்குக் கீழே அம்மா ஏற்கெனவே ஒரு சட்டியை வைத்திருந்தார். சட்டி பாதி நிறைந்திருந்தது.

“குசினிக்குப் புகை போக வழியில்ல” என்றேன் நான்.

“ஈர விறகெண்டா எங்கயும் புகைக்கும்.”

“ஒழுங்கை ஒடுக்கம். ஓட்டோ திரும்ப ஏலாது” என்று அப்பா ஒருவாறு தொடங்கினார்.

“நல்லதுதானே, வாகன இரைச்சல் இல்ல” என்றார் அம்மா. “கிணத்துத் தண்ணி குடிச்சுப் பாத்தீங்களா? இந்தப் பக்கத்தில இப்பிடித் தண்ணி இல்ல.”

அப்பா தலையில் கை வைத்தார். “நானா, நீங்க விலை கூட்டத் தேவையில்ல. இவ கூட்டுவா.”

நானாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “தங்கச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்ச நேரம் பேசாம இரிங்க. நான் விக்கிற ஆள், நானே இப்பிடிப் புகழல்ல.”

“என்ட வீட்டைக் குறை சொன்னா நான் பாத்துக்கொண்டு இருக்கிறதா?” அம்மா உண்மையான கோபத்தோடுதான் கேட்டார். காலையில் வந்தபோது அவர் இதை “அந்த வீடு” என்று சொன்னவர்.

கடைசியில் நானாவே எழும்பி, எங்களைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். பின்சுவரில் ஒரு வெடிப்பைக் காட்டினார், நான் ஆறு மாதத்தில் காணாதது. மதிலில் பாதி பக்கத்து வளவுக்காரருடையது என்றார். அம்மா எங்களுக்குப் பின்னால் குடை பிடித்து நடந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொன்னபடி வந்தார். நாற்பத்தாறு என்றார் நானா. அப்பா நாற்பத்திரண்டிலேயே நின்றார். இப்போது அவருக்கு வாய் வந்துவிட்டது. கப்பலில் நின்று கத்துகிறவர்களோடு கதைக்கிற அந்தக் குரல். நாற்பத்தைந்து. நாற்பத்திரண்டரை. நாற்பத்து நாலு.

“நாப்பத்து மூண்டு” என்றார் அப்பா. “இதுக்கு மேல போனா நான் திரும்ப ஜெட்டிக்குப் போகவேணும் நானா. கால் ஏலாது.”

நானா அந்தக் காலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். “ஓடு நீங்கதான் மாத்தவேணும்.”

“ஓம், மாத்துறன்.”

“பொருத்தமா?”

“பொருத்தம்.”

கை கொடுத்தார்கள். அப்பாவின் கிறீஸ் நானாவின் கையிலும் ஒட்டியது. அம்மா மிச்சப் பாலை எங்கள் எல்லாருக்கும் ஊற்றினார். ஆறிப் போயிருந்தது.

அந்த மனிதர் அன்று நாற்பத்தெட்டுக்குத் தலையாட்டியிருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; நாங்களும்தான். அவர் எங்களுக்குக் காசைக் குறைத்துத் தந்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அது அவருக்கும் பிடிக்காது. அப்பாவை நிமிர்ந்திருந்து கதைக்க வைத்தார். தன் வாழ்நாள் உழைப்பை அப்பா தலை குனிந்து கொடுக்கவில்லை, விலை பேசிக் கொடுத்தார். அதற்கு நன்றி சொல்ல நான் படித்த படிப்பில் சொல் கிடைக்கவில்லை. பெருநாளுக்குப் போய் அவருடைய மகளின் புது வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறோம், அவ்வளவுதான்.

உறுதி எழுதிய அன்று நொத்தாரிசு வாசித்ததை நான் ஒவ்வொரு வரியாக அப்பாவுக்குச் சொன்னேன். அவர் கேட்டு முடித்து, நிதானமாகத் தன் பெயரை எழுதினார். வெளியில் வந்து கொந்தராத்துக்காரருக்கு அவரே போன் எடுத்தார். “இல்ல தம்பி, நான் வரேல்ல. வேற ஆளைப் பாருங்க” என்று சொல்லி வைத்தார். அதன் பிறகு நானும் அவரும் தேத்தண்ணிக் கடையில் இருந்து கூட்டிப் பார்த்தோம். வீடு, முத்திரைக் காசு, நொத்தாரிசுவின் கூலி, பின்அறை ஓடு மாற்றிய செலவு எல்லாமாகச் சேர்த்து, நாங்கள் போட்ட நாற்பத்தாறைத் தாண்டாமல், நாற்பத்தைந்து இலட்சத்து நாற்பத்து நாலாயிரம் ரூபாய்.