சுற்றி நின்ற புள்ளிகள்

ஒரு பெரிய வட்டம். அதை மொய்த்துக்கொண்டு ஏகப்பட்ட புள்ளிகள். டாக்டரம்மா நீலப் பேனாவால் கிறுக்கிக் காட்டிய அந்தப் படம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி. நான் மாத்தளையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சிங்களம் தெரியும் என்பதால் கண்டி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா சிங்களப் பெண்மணி, தங்கமான மனுஷி. என்னிடம் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். வட்டம்தான் கட்டி. புள்ளிகள் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள். கட்டியில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்ததில், அவை அதைச் சுற்றி வளைத்து, உள்ளேயும் ஏராளமாகப் புகுந்திருக்கின்றனவாம். இப்படி இருந்தால் மருந்து நன்றாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம். உறுதி சொல்ல முடியாது, ஆனால் நம்பலாம் என்றார். முதலில் ஊசி மருந்து, கட்டி சுருங்கியதும் ஆபரேஷன். பிறகு, நோயாளியிடம் தானே சொல்லவேண்டும் என்ற நல்ல மனசில், தனக்குத் தெரிந்த நாலு வார்த்தைத் தமிழை எடுத்துக்கொண்டு பெரியம்மாவின் கையைப் பிடித்தார். "அம்மா, உள்ள ஆமிக்காரங்க நெறைய வந்திருக்கு. சுத்தி வளைச்சிருக்கு. பயம் வேணாம்."

பெரியம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும், "வா புள்ள, வீட்டுக்குப் போவோம். ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆமி சுத்தி வளைச்சப்புறம் என்னா மிஞ்சும்?" என்றார். நல்ல சேதி கேட்டுவிட்டு இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஒரு விடியற்காலையில், தொழிலாளர் குடும்பங்கள் ஆளுக்கொரு காம்பராவாக, ஒற்றை அறையாக, வரிசையில் குடியிருக்கும் அவருடைய லயத்தை இராணுவம் வளைத்து, மகனைக் கொண்டுபோயிருந்தது. மாதக்கணக்கில் அலைந்துதான் அவனை மீட்டோம். அந்த மனுஷிக்கு அது எப்படி நல்ல சேதியாகும்!

"ஐயோ பெரியம்மா, ஆமியாவது ஒண்ணாவது!" என்றேன். "தோட்டத்துக்குள்ள காட்டுப்பன்னி பூந்துட்டா, லயத்துச் சனமே தடியோட ஓடி வருதில்லையா? அந்த மாதிரி, ஒங்க ஒடம்புல உள்ள நம்ம ஆளுங்கதான் அதச் சுத்தி நிக்கிறாங்க. ஊசி போட்டா அவங்களுக்கு ஒரு தொணை."

பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"எம் புள்ளயக் கொண்டுபோறப்ப அப்புடிக் கத்துனேனே. ஒரு காம்பராக் கதவு தொறக்கல," என்றார். கண் நிறைந்துவிட்டது. "இங்கயாவது வந்தாங்களே. சரி, ஊசியப் போடச் சொல்லு."

மருந்து நன்றாகவே பிடித்தது. கட்டி சுருங்கி, ஆபரேஷனும் முடிந்தது. கட்டிக்குள் அந்த வெள்ளணுக்கள் எவ்வளவு என்று பார்த்து எழுதுவது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டதாம். பெரியம்மா இன்றும் அதே லயத்தில்தான் இருக்கிறார். பக்கத்துக் காம்பராவில் யாருக்காவது சுகமில்லை என்றால் முதல் ஆளாக ஓடுவதும் அவர்தான். அந்த விடியற்காலையைப் பற்றி அந்த லயத்துச் சனத்திடம் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.